நூறு டாலர் பேனாவுக்கு 371 ரூபாய் தண்டம்

ஜப்பான் ஃபவுண்டன் பேனா, செக் நாட்டு விமான மாடல் கிட், பழைய ஐரோப்பியத் தபால்தலை என்று வெளிநாட்டுக் கடைகளில் நேரடியாக வாங்குபவர்கள் ஷிப்பிங் செலவைக் கடைக்குக் கடை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆனால் கார்டு ஸ்டேட்மென்டில் வாங்கிய தொகைக்குக் கீழே தனியாக வந்து உட்காரும் இரண்டு சின்னக் கட்டணங்களை யாரும் பார்ப்பதில்லை. காசு கசிவது அங்கேதான்.

கணக்குக்கு ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பேனா 100 டாலர் என்றால் 9,000 ரூபாய். இந்திய வங்கிகளின் சாதாரணக் கிரெடிட் கார்டில் ஃபாரெக்ஸ் மார்க்கப் (வெளிநாட்டு நாணயத்தில் கட்டும்போது வங்கி கூடுதலாகப் பிடிக்கும் கட்டணம்) பெரும்பாலும் 3.5 சதவீதம், அதாவது 315 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 56.70. ஆக 9,371.70. விளம்பரத்தில் 3.5 என்றிருப்பது கையை விட்டுப் போகும்போது 4.13 ஆகிவிடுகிறது. 2 சதவீத மார்க்கப் கார்டு என்றால் கூடுதல் 212.40 மட்டும். மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் உண்டு. ஆண்டுக் கட்டணம் இல்லாமல் கிடைத்தால், வருஷத்துக்கு நாலைந்து முறை வெளியிலிருந்து வாங்குபவருக்கு அது ஒன்றே போதும்.

உங்கள் கார்டின் விகிதம் தெரியாவிட்டால் கஸ்டமர் கேரைக் கூப்பிட வேண்டாம், ஆளுக்கொன்று சொல்வார்கள். வங்கியின் தளத்தில் ‘மோஸ்ட் இம்பார்ட்டன்ட் டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்’ என்ற பி.டி.எஃப். இருக்கும். அதன் கட்டண அட்டவணையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்ற வரியைப் பாருங்கள். டெபிட் கார்டுக்கும் மார்க்கப் உண்டு, அதற்கு அட்டவணை தனி.

அடுத்தது பெரிய ஓட்டை. ‘ரூபாயிலேயே கட்டலாம்’ என்று கடை காட்டும் வசதி. பார்க்க இதமாக இருக்கும். உள்ளே நடப்பது வேறு: டாலரை ரூபாயாக மாற்றும் வேலையை உங்கள் வங்கிக்குப் பதில் கடையோ அதன் பேமென்ட் கம்பெனியோ செய்கிறது, தன் லாபத்தையும் வைத்து. விகிதத்தில் 4 சதவீதம் வைத்தால் பில் 9,360. வெளிநாட்டில் பதிவான கடைக்கு ரூபாயில் கட்டினாலும் பல வங்கிகள் 1 சதவீதம் பிடிக்கின்றன, ஜி.எஸ்.டி.யோடு 110.45. மொத்தம் 9,470.45. மார்க்கப் இல்லாத கார்டை வைத்துக்கொண்டு இந்தப் பொத்தானை அழுத்தினால் 470 ரூபாய் வீண்.

ஆகவே எப்போதும் கடைக்காரரின் நாணயத்திலேயே கட்டுங்கள். கடையின் பக்கத்தில் மேலேயோ அடியிலோ நாடும் நாணயமும் தேர்வு செய்யும் இடம் இருக்கும், அங்கே மாற்றுங்கள். சில கடைகள் டெலிவரிக்கு இந்திய முகவரி போட்டவுடன் மறுபடி ரூபாய்க்குத் தாவிவிடும். எனவே கார்டு எண் கொடுக்கும் கடைசிப் பக்கத்தில் இன்னொரு முறை பார்த்துவிட்டே அழுத்த வேண்டும்.

ஆன்லைனில் பணம் கட்ட உதவும் பேபால் சேவையில் இந்தப் பொறி இன்னும் நைசாக இருக்கும். உங்கள் கார்டின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு மாற்று விகிதம் தெரியும். அதைத் தொட்டால் இரண்டு வழி: பேபால் மாற்றுவது, அல்லது கார்டு கொடுத்த வங்கி மாற்றுவது. முதலாவதுதான் முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததும் தொகை டாலரில் மட்டும் நின்றால் சரி. ரூபாய்க் கணக்கு இன்னும் தெரிந்தால் மாறவில்லை என்று அர்த்தம். விற்பவர் ‘ஃபீஸ் மிச்சம், ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலியில் அனுப்புங்கள்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் பணம் அனுப்பும் வழி, அதில் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. பொருள் வராவிட்டால் பேபாலிடம் புகார் செய்ய வழியில்லை.

கார்டு நிராகரிக்கப்பட்டால் பதறி மறுபடி மறுபடி முயற்சிக்க வேண்டாம், வங்கி கார்டையே முடக்கிவிடும். 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் ஆன்லைன் பயன்பாடும் அணைந்த நிலையிலேயே வரும். வங்கி ஆப்பில் இரண்டையும் திறந்து, வரம்பை வாங்கும் தொகைக்குச் சற்று மேலே வையுங்கள். பல வெளிநாட்டுக் கடைகள் ஓ.டி.பி. கேட்பதில்லை. அதனால் வாங்கி முடித்ததும் வெளிநாட்டுப் பயன்பாட்டை மறுபடி மூடிவிடுவது நல்லது.

இரண்டு மூன்று ஆர்டர்களைச் சேர்த்துப் போட்டால் ஃபீஸ் குறையும் என்பது தப்புக் கணக்கு. மார்க்கப் சதவீதத்தில் பிடிப்பது. சேர்த்தாலும் பிரித்தாலும் ஒன்றுதான். ஷிப்பிங் வேண்டுமானால் மிச்சமாகும். அது போக, கூரியர் கம்பெனி நமக்காகச் சுங்க வரியை முன்கட்டினால் அதற்கும் ஒரு கட்டணம் போடும். ஆர்டருக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

திருப்பி அனுப்பும்போதும் அடி உண்டு. கடை ரீஃபண்ட் கொடுக்கும் நாளின் விகிதத்தில்தான் பணம் திரும்ப வரும், மார்க்கப் பெரும்பாலும் வராது. நிப் கீறுகிறது என்பது போன்ற சின்னக் குறைக்கு ரீஃபண்ட் கேட்பதைவிட மாற்றுப் பொருள் கேட்பது லாபம்.

உள்நாட்டில் கதை எளிது. 2020 ஜனவரி முதல் வங்கிக் கணக்கிலிருந்து போகும் யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரரிடமே கட்டணம் பிடிப்பதில்லை. எனவே ‘கேட்வே சார்ஜ் 2 சதவீதம்’ என்று யாராவது யு.பி.ஐ. மேல் போட்டால் தயங்காமல் கேளுங்கள். கிரெடிட் கார்டில் கடைக்காரருக்குச் செலவு உண்டு. சின்னக் கடைகள் அதை உங்கள் மேல் ஏற்றப் பார்ப்பதும் அதனால்தான். யு.பி.ஐ. வரம்பைத் தாண்டும் தொகைக்கு, கேமரா லென்ஸ் மாதிரி, வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் வழியில் அனுப்பலாம்: சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் அனுப்பக் கட்டணம் இல்லை, ராத்திரியானாலும் ஞாயிறானாலும் போகும். கிரெடிட் கார்டிலிருந்து வாலட்டில் போட்டு அங்கிருந்து கட்டுவது சுற்றுவழி. போடும்போதே கட்டணம் பிடித்துவிடுவார்கள்.

வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் செய்யும் ‘நோ காஸ்ட்’ இ.எம்.ஐ.யில் வட்டி அளவுக்குத் தள்ளுபடி கொடுப்பார்கள். ஆனால் அந்த வட்டியின் மேல் ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான். கட்டணம் 199 என்றால் வரியோடு 234.82, 3,000 ரூபாய் மாடல் கிட்டுக்கு அது கிட்டத்தட்ட 8 சதவீதம்.