கம்ஃபர்டப்லி நம்: அந்த இரண்டாவது சோலோவைப் பழகுவது எப்படி

1979-இல் வந்த 'தி வால்' ஆல்பத்தில் பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் குழுவின் 'கம்ஃபர்டப்லி நம்' பாட்டுக்கு அதன் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் இரண்டு கிட்டார் சோலோ (தனி வாசிப்பு) வாசித்திருக்கிறார். முதலாவது டி மேஜர் என்ற சுர வரிசையில், பாட்டின் நடுவில் வரும். இரண்டாவது பி மைனரில், கடைசியில் வந்து, ஏறக்குறைய 2 நிமிடம் போய் அப்படியே தேய்ந்து மறையும். நான் சொல்லப்போவது இந்த இரண்டாவதைப் பற்றி. மெதுவாகத்தானே போகிறது, ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வேகம் நிமிடத்துக்கு 63, 64 தட்டுதான், அது உண்மை. ஆனால் விரைவாக ஓடும் சோலோவில் ஒரு சுரம் பிசகினால் அடுத்த சுரம் வந்து அதை மறைத்துவிடும். இங்கே ஒவ்வொரு சுரமும் தனியாக நிற்கிறது, பெண்டிங் (கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை உயர்த்துவது) கால் சுரம் குறைந்தால்கூடக் காதில் உறுத்தும்.

முதல் மூன்று நாள் கிட்டாரைத் தொடாதீர்கள். கேளுங்கள், கூடவே முணுமுணுங்கள், வண்டி ஓட்டும்போதும் பாத்திரம் கழுவும்போதும் வாய்விட்டுப் பாடுங்கள். எங்கே மூச்சு விடுகிறார், எங்கே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பதெல்லாம் வாய்க்கு வந்த பிறகுதான் கைக்கு வரும். டேப்லேச்சரை (எந்தக் கம்பியில் எங்கே அழுத்துவது என்று எண்களால் காட்டும் குறிப்பு) பார்த்து நேராக ஆரம்பித்தவர்கள் வாசிப்பதைக் கேட்டால் சுரங்கள் எல்லாம் சரியாக இருக்கும், பாட்டு மட்டும் இருக்காது.

அப்புறம் 7-வது ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டை). அங்கே வரும் பி மைனர் பென்டடானிக் என்ற ஐந்து சுர வரிசை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பி, டி, இ, எஃப் ஷார்ப், ஏ. சோலோவின் பெரும்பகுதி இதற்குள்ளேதான் இருக்கிறது, பிறகு கழுத்தில் மேலே ஏறி 14-வது ஃப்ரெட்டைத் தாண்டிப் போகும். பின்னால் பி மைனர், ஏ, ஜி, இ மைனர் என்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) சுற்றிச் சுற்றி வரும். ஏ கார்டின் மேல் சி ஷார்ப், ஜி கார்டின் மேல் ஜி என்று கார்டுக்குச் சொந்தமான சுரத்தை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், கார்டு மாறுவது சோலோவிலேயே கேட்கத் தொடங்கும்.

இனி பெண்டிங், இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். மெல்லிய கம்பியிலிருந்து எண்ணினால் மூன்றாவது கம்பியில் 9-வது ஃப்ரெட் இ. அதை ஒரு முழு சுரம் இழுத்தால் எஃப் ஷார்ப். அதே எஃப் ஷார்ப் பக்கத்துக் கம்பியில், அதாவது இரண்டாவது கம்பியின் 7-வது ஃப்ரெட்டில், இழுக்காமலே கிடைக்கும். முதலில் அதை மீட்டிக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு மூன்றாவது கம்பியை அந்த உயரத்துக்கு இழுங்கள். இரண்டையும் சேர்த்து மீட்டும்போது ஒலி அலை அலையாக ஆடினால் இன்னும் எட்டவில்லை என்று அர்த்தம். எட்ட எட்ட அந்த ஆட்டம் மெதுவாகி, ஒரு இடத்தில் சட்டென்று நின்றுவிடும், அந்த இடத்தைக் கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது கம்பி 10-வது ஃப்ரெட்டை இழுத்து முதல் கம்பி 7-உடன் ஒப்பிட்டும் இதையே செய்யுங்கள்.

விரல் பலத்தால் இழுக்காதீர்கள். மோதிர விரல் கம்பியில், அதன் பின்னால் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் முட்டுக் கொடுக்க, கட்டைவிரல் கழுத்தின் மேலே வளைந்து பிடித்திருக்க, பூட்டில் சாவி திருப்புவது போல மணிக்கட்டு திரும்ப வேண்டும். வைப்ரேட்டோவும் (பிடித்த சுரத்தை லேசாக ஆட்டுவது) அதே மணிக்கட்டு அசைவுதான், ஆனால் இழுத்த சுரம் சரியான உயரத்தில் ஒரு கணம் அசையாமல் நின்ற பிறகு மட்டும். நான் இதைப் புரிந்துகொள்ள நான்கு மாதம் ஆனது. மொபைலில் பதிவு செய்து கேட்டபோது ஒவ்வொரு பெண்டும் கொஞ்சம் தாழ்வாக இருந்தது, அந்தத் தாழ்வை என் வைப்ரேட்டோ மூடி மறைத்துக்கொண்டிருந்தது. ஒரு மாதம் வைப்ரேட்டோவையே நிறுத்திவிட்டுப் பழகினேன், அப்போதுதான் சரியானது.

கில்மோர் ஆல்பத்துக்கு இதை ஒரே மூச்சில் வாசிக்கவில்லை. ஐந்தாறு தடவை வாசித்துப் பதிவு செய்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த பகுதிகளைக் குறித்துவைத்து ஒன்றாக்கியதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதனால் நீங்களும் துண்டு துண்டாகவே பழகுங்கள். ஒரு துண்டு என்பது பாடும்போது ஒரு மூச்சில் வருகிற அளவு. தினமும் ஒரு துண்டு, 20 நிமிடம், பாதி வேகத்தில். விரல்நுனி எரிந்தால் அன்றைக்கு அதோடு சரி. நடுவில் விரைவாக இறங்குகிற சில ஓட்டங்கள் வரும், அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், பென்டடானிக் கைவசம் இருந்தால் அவை பெரிய விஷயமில்லை.

கருவிகளைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். கில்மோரிடம் இருந்தது கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார், பிக் மஃப் ஃபஸ் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்), டிலே (எதிரொலி தரும் கருவி). உங்களிடம் உள்ள கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப்பும் (கம்பிகள் முடியும் பக்கத்து ஒலிவாங்கி) கொஞ்சம் டிஸ்டார்ஷனும் (அதே கரகரப்பு) போதும். கம்பி 9 அல்லது 10 கேஜ் (தடிமன் அளவு) போடுங்கள், புதுக் கம்பியை நன்றாக இழுத்துவிட்டு ட்யூன் செய்யுங்கள், இல்லையென்றால் நாலு பெண்டுக்குள் சுருதி இறங்கிவிடும். டிலேயை முதல் ஒரு மாதம் அணைத்தே வையுங்கள், அது தவறுகளை இனிப்பாக்கிவிடும். ஃபஸ் போட்டதும் தொடாத கம்பிகளும் இரையும் என்பதால், வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தடித்த கம்பிகள் மேல் வைத்துப் பழகுங்கள்.

மேடையில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. ஆல்பத்தில் இந்த சோலோவுக்கு முடிவே கிடையாது, ஒலி தேய்ந்து போகிறது, அவ்வளவுதான். 1994-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கில் பிங்க் ஃபிளாய்ட் வாசித்த பதிவைக் கேளுங்கள், அங்கே இதை நீட்டி, முடித்தும் காட்டுவார்கள். உங்கள் முடிவை முன்கூட்டியே பேசிவையுங்கள்: கடைசியாக ஏ-யிலிருந்து பி-க்கு இழுத்து, அதைப் பிடித்தபடி டிரம்ஸ் வாசிப்பவரைப் பாருங்கள், அவர் குச்சியைத் தூக்கியதும் எல்லோரும் சேர்ந்து இறங்கி நிறுத்தலாம்.