துறைமுகத்தின் பெயர் வேறு, நகரத்தின் பெயர் வேறு: மத்தியதரைக் கடல் சொகுசுக் கப்பல் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்தியதரைக் கடலில் செல்லும் சொகுசுக் கப்பல்களின் பயண நிரலை எடுத்துப் பார்த்தால் ரோம், பிளாரன்ஸ், ஏதென்ஸ், எபேசஸ் என்று ஏதோ வரலாற்றுப் பாடநூலின் பொருளடக்கத்தைப் படிப்பது போலவே இருக்கும். ஆனால் எந்தக் கப்பலும் ரோமுக்குப் போவதில்லை. அது போய் நிற்கும் இடம் சிவிட்டாவெக்கியா. அங்கிருந்து ரோம் நகரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பிளாரன்ஸ் என்று அச்சிட்டிருக்கும் நாளில் கப்பல் லிவோர்னோவில் நிற்கும். பிளாரன்ஸுக்கு இன்னும் 90 கிலோமீட்டர் சாலைவழியே போகவேண்டும். கிரீஸின் ஒலிம்பியாவுக்குக் கட்டாகோலோ, துருக்கியின் எபேசஸுக்குக் குஷாடாசி. இந்தப் பயணத்தில் மக்கள் அடையும் ஏமாற்றங்களை வரிசைப்படுத்தினால், பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காததிலிருந்தே தொடங்குகின்றன.

இதற்குக் கப்பல் நிறுவனங்களைக் குறை சொல்லிப் பயனில்லை, குற்றவாளிகள் ஆறுகள். எபேசஸ் ஒரு காலத்தில் பெரும் துறைமுக நகரமாகவே இருந்தது. கெய்ஸ்டர் ஆறு நூற்றாண்டுக் கணக்கில் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் துறை மேடிட்டு, கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. பீசாவின் பழைய துறையும் அப்படியே தூர்ந்துபோனதால்தான் பிளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தார் லிவோர்னோவை வளர்த்தார்கள். ரோமின் பண்டைத் துறைமுகமான ஒஸ்தியா இன்று கடலைப் பார்க்க முடியாத தூரத்தில் இடிபாடுகளாகக் கிடக்கிறது. மாறாக, பெரிய ஆறு எதுவும் வந்து விழாத வல்லெட்டா (மால்டா), ரோட்ஸ் (கிரீஸ்), கோட்டோர் (மாண்டினீக்ரோ) போன்ற துறைகளில் கப்பலை விட்டு இறங்கினால் சில நிமிட நடையில் கோட்டைச் சுவரைத் தொட்டுவிடலாம். எனவே பயணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை புகழ்பெற்ற பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணுவதைவிட, எத்தனை இடங்களில் கப்பல் உண்மையிலேயே அந்த ஊருக்குள் நிற்கிறது என்று எண்ணுவது நல்லது.

இரண்டாவது தவறு, துறைமுகத்தில் நிற்கும் நேரத்தை ஊர் பார்க்கும் நேரமாக எடுத்துக்கொள்வது. சிவிட்டாவெக்கியாவில் காலை 7 மணிக்கு வந்து மாலை 7 மணிக்குப் புறப்படும் ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். இறங்குவதற்கு அனுமதி கிடைக்கவே 7.30 ஆகலாம். துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள் என்பதால் ஷட்டில் பேருந்தில் வாயிலுக்கு வந்து, அங்கிருந்து ரயில் நிலையத்துக்குப் போய்ச் சீட்டு வாங்கி வண்டி ஏறும்போது 8.30 தாண்டிவிடும். ரயிலின் வகையைப் பொறுத்து 40 நிமிடம் முதல் ஒன்றேகால் மணி நேரம் வரை ஆகும். ஆக, ரோமில் கால் வைப்பது சுமார் 9.45. மாலையில் கப்பல் 7 மணிக்குப் புறப்பட்டாலும் 6.30-க்குள், சில கப்பல்களில் 6 மணிக்குள்ளேயே, எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். ரயில் தாமதத்துக்கும் இடம் விட்டுக் கணக்குப் பார்த்தால் 4 மணி வண்டியைப் பிடித்தாக வேண்டும். மிஞ்சுவது ஆறு மணி நேரம். அதில் மதியச் சாப்பாடும் உண்டு. அந்த ஆறு மணி நேரத்தில் வாட்டிகன் அருங்காட்சியகத்தையும் கொலோசியத்தையும் சேர்த்துப் பார்ப்பேன் என்று கிளம்புகிறவர்கள் இரண்டையும் பார்ப்பதில்லை, வரிசைகளைத்தான் பார்க்கிறார்கள்.

சிவிட்டாவெக்கியாவில் தொடங்கும் அல்லது முடியும் பயணமாக இருந்தால் முன்போ பின்போ இரண்டு நாள் ரோமில் தங்கிவிட வேண்டும். அது வழியில் வரும் துறையாக இருந்து, ரோமை முன்பே பார்த்தவராகவும் இருந்தால், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தர்குவீனியாவுக்குப் போகலாம். ரோமானியர்களுக்கு முற்பட்ட எட்ருஸ்கன் மக்களின் வண்ண ஓவியக் கல்லறைகள் அங்கே நிலத்தடியில் இருக்கின்றன. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டவை. விருந்துண்பவர்கள், குழல் ஊதுபவர்கள், நீரில் பாய்பவன் எனச் சுவரெங்கும் உயிரோட்டம். பேருந்துக் கூட்டம் முழுவதும் ரோமை நோக்கிப் பறந்துகொண்டிருக்கும் நாளில் இங்கே அமைதியாக நிற்கலாம். அதேபோல் லிவோர்னோவில் இறங்குகிறவர்கள் பிளாரன்ஸை இன்னொரு பயணத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, மதில் சிதையாமல் நிற்கும் லூக்கா நகரத்துக்குப் போய்வரலாம். புகழ்பெற்ற பெயரை விட்டுக்கொடுக்க மனம் வராது என்பது தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

விடுமுறை நாள்களைப் பார்க்காமல் திட்டமிடுவது சிறிய தவறு போலத் தெரிந்து பெரிய இழப்பில் முடிவது. மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் வாட்டிகன் அருங்காட்சியகம் மூடியிருக்கும். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் நுழைவு இலவசம் என்பதால் உள்ளே மூச்சுவிட இடமிருக்காது. பிளாரன்ஸின் உஃபீட்சி கலைக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. இஸ்தான்புல்லின் டொப்காப்பி அரண்மனைக்குச் செவ்வாய். நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் செவ்வாய்தான். நேப்பிள்ஸில் இறங்கும் பயணிகளில் பெரும்பாலோர் பொம்பேயிக்கோ காப்ரித் தீவுக்கோ ஓடிவிடுகிறார்கள். ஆனால் பொம்பேயியில் தோண்டியெடுத்த சுவரோவியங்கள், மொசைக்குகள், வீட்டுப் பாத்திரங்கள் ஆகியவற்றில் சிறந்தவை துறைமுகத்துக்கு அருகிலேயே இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. 1938-இல் பொம்பேயி வீடொன்றில் கிடைத்த, இந்தியாவில் செதுக்கப்பட்ட சிறிய தந்தப் பெண் சிற்பமும் இங்கேதான் உள்ளது. லட்சுமி என்று பெயரிட்டிருந்தாலும் அது யட்சியாக இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடிப்பதற்கு முன்பே நம் பக்கத்துப் பொருள் அந்த ஊரில் ஒரு வீட்டில் இருந்திருக்கிறது. முசிறியிலிருந்து மிளகு ஏற்றிய கப்பல்களின் காலமும் அதுவே.

முன்பதிவு இல்லாமல் போய் வாயிலில் சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் இப்போது செல்லாது. ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற வரம்பு 2023-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது; சீட்டில் குறித்த நேரத்தில்தான் நுழைய முடியும். பொம்பேயியும் 2024 நவம்பரிலிருந்து அதே எண்ணிக்கையை வரம்பாக வைத்திருக்கிறது. சீட்டில் பெயர் அச்சிடப்படுவதால் அடையாளச் சான்றும் கையில் வேண்டும். கோடையில் வெப்பம் எல்லை மீறும் நாள்களில் அக்ரோபோலிஸை நண்பகலிலிருந்து சில மணி நேரம் மூடிவிடுவதும் உண்டு. ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காலை நேரச் சீட்டைத் தவிர வேறெதையும் வாங்க வேண்டாம்.

எபேசஸில் தவறு வேறு மாதிரி நிகழ்கிறது. அந்த இடிபாட்டு நகரத்துக்கு மேலே ஒரு வாயில், கீழே ஒரு வாயில். மேல் வாயிலில் நுழைந்தால் குரீட்ஸ் வீதி வழியாகச் சரிவில் இறங்கிக்கொண்டே வந்து செல்சஸ் நூலகத்தின் முகப்பை நேர் எதிரே காணலாம். கீழ் வாயிலில் நுழைந்தவர்கள் அதே வழியை வெயிலில் ஏறவேண்டும். வாடகைக் காரில் வருகிறவர்கள் மேல் வாயிலில் இறங்கி, வண்டியைக் கீழ் வாயிலுக்கு வரச்சொல்ல மறந்துவிட்டால், பார்த்து முடித்த பிறகு மீண்டும் மேலே ஏறித்தான் வண்டியைப் பிடிக்க வேண்டியிருக்கும். பல நூற்றாண்டுக் காலடிகள் பட்டு வழவழப்பான பளிங்குத் தரை, தோல் அடிச் செருப்புக்கு வழுக்கும். செல்வர்களின் வீடுகள் இருந்த சரிவு, கூரைக்கடியில் பாதுகாக்கப்பட்டு, தனிச் சீட்டுடன் காட்டப்படுகிறது. அந்தச் சீட்டுக் காசை மிச்சப்படுத்துவது சிக்கனம் அன்று, ஏனெனில் நகரத்தில் கூட்டம் குறைவான பகுதியும், தரை மொசைக்கும் சுவரோவியமும் இருந்த இடத்திலேயே இருக்கும் பகுதியும் அதுவே. கடைசியில் பெரிய அரங்கத்தின் படிகளில் நின்று மேற்கே பார்க்க வேண்டும். தூண்கள் வரிசையிட்ட துறைமுக வீதி அரைக் கிலோமீட்டர் நேராகப் போய், கப்பல்கள் நின்ற இடத்தில் நாணல் புதருக்குள் முடிகிறது.

கப்பல் நிறுவனத்தின் கரைச் சுற்றுலா விலை அதிகம், நாமே போய்க்கொள்ளலாம் என்பதும், எல்லா ஊரிலும் அவர்களோடுதான் போகவேண்டும் என்பதும் ஒரேயளவு தவறானவை. தொலைவான ஊர்களுக்கு நிறுவனத்தின் பேருந்தில் போவது காப்பீடு போன்றது; அந்தப் பேருந்து நெரிசலில் சிக்கினால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேரவேண்டியதுதான். ரோட்ஸிலும் வல்லெட்டாவிலும் பேருந்துக்குப் பணம் கொடுப்பதோ வீண். குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கில் கப்பல் நிற்கும் குரூஷ் துறையிலிருந்து பழைய நகரின் வாயில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். நகரப் பேருந்தே போதும்.

இதோடு தொடர்புடையது கடிகாரக் குழப்பம். இத்தாலிக்கும் கிரீஸுக்கும் ஒரு மணி நேர வேறுபாடு. துருக்கி கோடையில் கிரீஸோடு ஒத்திருக்கும், குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் முந்தும். நாடு மாறும்போது கப்பலும் நேரத்தை மாற்றும் என்று சொல்வதற்கில்லை. சில பயணங்களில் கப்பல் நேரம் ஒன்றும் கரை நேரம் ஒன்றுமாக இருக்கும். கைப்பேசி தானாகவே கரை நேரத்துக்கு மாறிவிடும். ஒவ்வொரு நாளும் இறங்கும் முன் வாயிலருகே எழுதியிருக்கும் ஏறும் நேரத்தையும், அது எந்தக் கடிகாரத்தின்படி என்பதையும் பார்த்துவிட்டு இறங்க வேண்டும்.

விசா விஷயத்தில் செய்யும் தவறுக்கு மட்டும் பரிகாரமே கிடையாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் ஏறி, குஷாடாசியைத் தொட்டு, மறுபடி கிரேக்கத் தீவுக்கு வரும் கப்பல் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறது. ஒருமுறை நுழைவதற்கான விசா அங்கே காலாவதி. பலமுறை நுழையும் விசாவைத்தான் கேட்கவேண்டும். பயண நிரலையும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். மாண்டினீக்ரோவும் ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால் கோட்டோருக்கும் இதே கதை. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் உள்ளே வந்துவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துக் குழம்ப வேண்டாம். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில், எல்லாம் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும். தாள்கள் சரியில்லாதவரைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பாது. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசாத் தொல்லை இல்லை.

சொகுசு என்றால் பெரிய கப்பல் என்று எண்ணுவதும் ஒரு தவறே. இந்தக் கடலில் சிறிய கப்பலுக்குத்தான் மரியாதை. 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸின் ஜூடெக்கா கால்வாய்க்குள் வர முடியாது. அவை எதிரே பெருநிலக் கரையிலுள்ள மார்கேராவில் நிற்கும்; சில, வெனிஸ் என்ற பெயரிலேயே ரவென்னாவிலும் திரியெஸ்தேவிலும் நின்றுவிடும், அங்கிருந்து வெனிஸ் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கிரீஸில் 6.4 கிலோமீட்டர் நீளமுள்ள கொரிந்துக் கால்வாயின் அடி அகலம் 21 மீட்டர்தான். சிறிய கப்பல்கள் மட்டுமே பாறைச் சுவர்களுக்கிடையே நுழைந்து போகும். அடுத்து, கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்பதை நிறுவனத்துக்கு நிறுவனம் பார்க்கவேண்டும். ரீஜென்ட் செவன் சீஸ் கரைச் சுற்றுலாவையும் கட்டணத்தில் சேர்க்கிறது. சீபோர்ன் பானங்களையும் டிப்ஸையும் சேர்த்து, கரைச் சுற்றுலாவுக்குத் தனியாக வாங்குகிறது. சைவ உணவுக்காரர்கள் பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவிப்பது நல்லது. இத்தாலியில் கேட்காமலே தூவப்படும் பார்மேசான் சீஸ் கன்றின் இரைப்பைச் சாறு கொண்டு உறையவைக்கப்படுவது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகஸ்டைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு வெயிலோடு காற்றும் காத்திருக்கிறது. ஏஜியன் கடலில் கோடை நடுவில் மெல்டெமி என்னும் வடகாற்று சில நாள்கள் தொடர்ந்து அடிக்கும். சாண்டோரினியில் கப்பல் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் டென்டர் என்னும் சிறு படகில்தான் கரை சேர்கிறார்கள்; காற்று பலத்தால் அந்த நிறுத்தமே ரத்தாகிவிடும். நிறுத்தம் நடந்தாலும், மேலே ஃபிரா ஊரிலிருந்து கேபிள் காரில் இறங்குவதற்குப் பிற்பகலில் நீண்ட வரிசை. மாற்று வழி கழுதைச் சாணம் மிதித்து இறங்கும் ஏறக்குறைய 590 படிகள். செப்டம்பர் இறுதியிலோ மே மாதத்திலோ போவது எல்லா வகையிலும் மேல்.

உடை விஷயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற விதி பலருக்குத் தெரியும். வல்லெட்டாவின் புனித யோவான் இணைப் பேராலயத்தில் ஊசிக் குதிச் செருப்புக்கும் தடை. தரை முழுவதும், மால்டாவை ஆண்ட புனித யோவான் சபை வீரர்களின் வண்ணப் பளிங்குக் கல்லறைப் பலகைகள். அந்த ஊருக்குக் கப்பல் வரும் காலையில் தூங்கிவிடக் கூடாது. இருபுறமும் தேன்நிறக் கோட்டைகள் எழ, கப்பல் பெருந்துறைக்குள் நுழையும் காட்சியை மேல்தளத்திலிருந்துதான் பார்க்க முடியும். கோட்டோர் வளைகுடாவும் அப்படியே. மலைகளுக்கிடையே ஒடுங்கும் வெரிகே நீரிணையைக் கடப்பதே அன்றைய நாளின் பாதிச் சுற்றுலா.

கடைசி இரவில் பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலையில் அவை கரையில் இருக்கும். மாத்திரைகளையும் மறுநாள் போட வேண்டிய செருப்பையும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியவர்கள், கப்பல் தந்த துணிச் செருப்போடு சிவிட்டாவெக்கியா படகுத்துறையில் நிற்பது ஒவ்வொரு பயணத்திலும் காணும் காட்சி. அங்கிருந்து பியூமிச்சினோ விமான நிலையத்துக்குச் சாலையில் ஒரு மணி நேரம். இறங்குவதற்கான வரிசையையும் சேர்த்தால், பிற்பகல் 1 மணிக்கு முந்தைய விமானத்துக்குச் சீட்டு எடுக்காமலிருப்பது நல்லது.