தம்பதியருக்கான எண்ணப் பதிவேடு: தொடங்குவோருக்கான செய்முறை

மனச்சோர்வுக்காக 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, பின்னர் தம்பதியரின் பிணக்குகளுக்கும் கைகொடுக்கத் தொடங்கியது. நடந்ததைவிட, நடந்ததற்கு நாம் கற்பிக்கும் பொருளே பல வேளைகளில் சினத்தை மூட்டுகிறது என்பது அதன் அடிப்படை. அதில் வீட்டிலேயே பழகக்கூடிய பயிற்சிதான் எண்ணப் பதிவேடு. ஆளுக்கொரு குறிப்பேடு போதும். ஆனால் அடியோ மிரட்டலோ இருக்கும் வீட்டுக்கு இது பொருந்தாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. மலேசியாவில் 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே உதவித் தொலைபேசிச் சேவையை 15999 எண்ணில் அழைக்கலாம்.

முதல் படியில் நிகழ்வை மட்டும் எழுதுங்கள். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட் முடித்து, பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் பட்டர்வொர்த் திரும்பும் கணவர், மனைவியின் புலனச் (வாட்ஸ்அப்) செய்திக்கு ஒரு மணி நேரமாகப் பதில் அனுப்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். "பதில் வரவில்லை" என்பது நிகழ்வு. "என்னை மதிக்கவில்லை" என்பது நிகழ்வன்று. கோபத்தில் இருப்பவருக்கு இப்படிப் பிரித்தெழுதுவதே மிகக் கடினம் என்பதால், சில நாள்கள் இதை மட்டுமே பழகினாலும் தவறில்லை.

அடுத்து, அந்நொடியில் தானாக எழுந்த எண்ணத்தை எழுதி, உணர்ச்சியை 0 முதல் 100 வரை மதிப்பிடுங்கள்: "என்னைவிட நண்பர்கள்தான் முக்கியம். கோபம் 80."

மூன்றாவதாக, அவ்வெண்ணத்துக்கு ஆதரவான சான்றுகளை ஒரு பக்கமும் எதிரானவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். பினாங்குப் பாலத்தில் வண்டி ஓட்டுபவரால் கைப்பேசியை எடுக்க முடியாது என்பது எதிர்ப்பக்கத்தில் சேரும். கேளாமலேயே அடுத்தவர் மனத்தை அறிந்துவிட்டதாக நம்புவதை இச்சிகிச்சை ஒரு சிந்தனைப் பிழையாகவே கருதுகிறது; நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களிடம் அது இன்னும் ஆழமாக வேரோடியிருக்கும் என்பது என் கருத்து. அதேவேளையில், உண்மையான குறையைப் பூசிமெழுக இப்பயிற்சியைப் பயன்படுத்தாதீர்கள். பல வாரங்களாக இதே நிலை நீடித்தால், அதையும் ஆதரவுப் பக்கத்தில் தயங்காமல் எழுத வேண்டும்.

பின்னர் நேரில் கேளுங்கள். அவர் வாசலில் கால் வைத்தவுடன் அல்ல, குளித்துச் சாப்பிட்ட பிறகு. "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்காமல், "பதில் வரலைன்னதும் மனசு கஷ்டமா இருந்துச்சுங்க, என்ன ஆச்சு?" என்று கேட்கலாம். செவிமடுத்தவர் தம் தரப்பைச் சொல்லுமுன், தாம் புரிந்துகொண்டதைத் தம் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். அதன்பின், ஷிப்ட் முடிந்ததும் "கிளம்பிட்டேன்" என்று ஒரு வரி அனுப்புவது போன்ற சிறு மாற்றமொன்றை இருவரும் ஒப்புக்கொண்டு, உணர்ச்சியை மீண்டும் மதிப்பிடுங்கள்.

ஒரே எண்ணம் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வந்தால், 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற ஆலோசகரை நாடுங்கள். முதல் சந்திப்புக்கே இரண்டு குறிப்பேடுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.