அப்பாவாக விரும்பும் ஆண்களுக்கு ஒரு மருத்துவமாதின் வழிகாட்டல்

பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டினால் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் முதலில் வரும் கேள்வி, "தாய் யார்?" என்பதுதான். என் மகனும் மருமகனும் ரொறன்ரோவில் ஒருவரையொருவர் மணம் முடித்து வாழ்கிறார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். இரண்டு ஆண்களுக்குப் பிள்ளை எப்படி வந்தது என்பதுதான் தெரியாது. வாடகைத்தாய் முறையில், அதாவது இன்னொரு பெண் கருவைச் சுமந்து பெற்றுக் கொடுத்து வந்தது. மருத்துவமாதாக இந்த ஊரில் வீடு வீடாகப் போனவள் நான், ஆகவே கூச்சமில்லாமல் சொல்கிறேன். மகனைப் போன்றவர்களும், தனியாகவே அப்பாவாக விரும்பும் ஆண்களும் இரகசியமாக வந்து கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இது.

கிளினிக்கின் விலைப்பட்டியலைப் பிறகு பாருங்கள், முதலில் சட்டத்தைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரை எழுதாத நாட்டில் எவ்வளவு திறமையான வைத்தியர் இருந்தும் பயனில்லை. இலங்கையில் வாடகைத்தாய் முறைக்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகளும் இன்னும் நீக்கப்படவில்லை. இந்தியா பக்கத்தில் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அங்கே 2021ஆம் ஆண்டுச் சட்டம் தனி ஆண்களுக்கும் ஆண் இணையருக்கும் கதவை மூடிவிட்டது. தாய்லாந்தும் நேபாளமும் 2015இலேயே வெளிநாட்டவருக்கு வழியை அடைத்துவிட்டன. இந்த நாடுகளில் "ஒழுங்கு செய்து தருகிறோம்" என்று சொல்லும் தரகரை நம்ப வேண்டாம்.

எங்கள் பிள்ளைகள் பரந்து வாழும் இரண்டு நாடுகளில் வழி இருக்கிறது. பிரித்தானியாவில் பிறப்புக்குப் பின், பிள்ளையின் பெற்றோர் நீங்கள்தான் என்று சொல்லும் பெற்றோர் ஆணையை நீதிமன்றத்தில் பெற வேண்டும். ஆண் இணையர் 2010 முதலும் தனி ஆண்கள் 2019 முதலும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்பவர்களில் ஒருவரின் விந்தணுவாவது சேர்ந்திருக்க வேண்டும். பெற்றெடுத்தவரின் சம்மதம் ஆறு வாரம் கழிந்த பிறகே செல்லும். கனடாவின் ஒன்ராறியோவில் 2017 முதல் நீதிமன்றம் போகாமலே இரண்டு அப்பாக்களின் பெயரையும் பதியலாம். கருத்தரிப்பதற்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், இரு தரப்புக்கும் தனித்தனிச் சட்டத்தரணி வேண்டும், பிள்ளை பிறந்து ஏழு நாள் சென்றபின் சுமந்து பெற்ற பெண் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். கலிபோர்னியாவிலும் செய்யலாம், ஆனால் செலவு ஒரு இலட்சம் அமெரிக்க டொலரைத் தாண்டும்.

அடுத்தது உங்கள் உடம்பு. விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் எடுக்கும். ஆகவே சிகரெட்டையும் குடியையும் குறைந்தது மூன்று மாதத்துக்கு முன்பே விடுங்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் தசைக்காக ஏற்றும் டெஸ்டோஸ்டெரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது. இதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். எச்.ஐ.வி., ஈரலைத் தாக்கும் ஹெபரைற்றிஸ் பி, சி, சிபிலிஸ் பரிசோதனைகள் கட்டாயம். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதால் கனவை விடத் தேவையில்லை, ஒழுங்காக மருந்து எடுப்பவரின் விந்தணுவைக் கழுவிப் பயன்படுத்தும் முறை உண்டு. தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயைக் காவுபவரா என்றும் பாருங்கள், கருமுட்டை தருபவரும் பார்க்க வேண்டும். இருவருமே காவுபவர்களானால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு நோய் வரும்.

கருமுட்டை ஒரு பெண்ணுடையது, கருவைச் சுமப்பவர் இன்னொரு பெண். பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆண் இணையரில் ஒருவருடைய விந்தணுவையும் மற்றவருடைய சகோதரியின் கருமுட்டையையும் சேர்த்தால் இரு குடும்பத்து இரத்தமும் பிள்ளையில் ஓடும். இந்த எண்ணம் பலருக்கு வருகிறது, எனக்கும் பிடிக்கும். ஆனால் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு, மயக்கம் கொடுத்து, ஊசியால் முட்டைகளை எடுப்பது சின்ன வேலை அல்ல. மாமியார், அம்மா, கணவர் எவரும் இல்லாத இடத்தில் தங்கச்சியிடம் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால் இரண்டாம் முறை கேட்காதீர்கள்.

முட்டை தருபவர் இருவருக்கும் உறவில்லாத பெண்ணானால், எடுத்த முட்டைகளில் பாதியை ஒருவருடைய விந்தணுவோடும் மீதியை மற்றவருடையதோடும் சேர்க்கலாம். ஐந்து நாள் வளர்ந்த கருவை உறைய வைத்து, பிறகு கருப்பையில் வைப்பார்கள். இங்கே ஒரு சபலம் வரும்: ஒரே செலவில் இரண்டு கருவை வைத்து ஆளுக்கொரு பிள்ளை பெறலாமே! வேண்டாம். இரட்டைக் கர்ப்பத்தில் குறைமாதப் பிறப்பு, இரத்த அழுத்தம், பிள்ளைப்பேற்று இரத்தப்போக்கு எல்லாம் கூடும். அந்த ஆபத்தைத் தாங்குவது உங்கள் உடம்பு அல்ல. ஒரு நேரத்தில் ஒரு கரு போதும்.

வாடகைத்தாயாக வருபவர் ஏற்கெனவே நல்லபடியாகப் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும். கனடாவில் அவருக்கு 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே கூலி கொடுக்க முடியாது. மருந்து, பயணம் போன்ற செலவுகளைப் பற்றுச்சீட்டு வைத்துத் திருப்பிக் கொடுக்கலாம், அதைச் சுணங்காமல் கொடுங்கள். கர்ப்பகாலத்தில் அவருடைய உடம்பைப் பற்றிய முடிவு அவருடையது மட்டுமே. பப்பாளி சாப்பிடாதே, இடப்பக்கம் படு என்று யாழ்ப்பாணத்திலிருந்து வட்ஸ்அப்பில் கட்டளை அனுப்பும் அம்மாக்களை நீங்கள்தான் தடுக்க வேண்டும். பிறப்புக்குப் பின் பிள்ளை உங்கள் கையில் இருக்கும்போதும் அவருக்குப் பால் கட்டி மார்பு நோகும் என்பதை நிறைய ஆண்கள் அறிவதில்லை. அந்த வாரங்களிலும் அவரை விசாரியுங்கள். எங்கள் பேரப்பிள்ளையைச் சுமந்தவர் விரும்பிக் கேட்டபின், பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் சரக்குக் கறியை மருமகன் காய்ச்சிக் கொண்டுபோனார்.

குழந்தை பிறந்ததும் சட்டையைக் கழற்றி வெறும் நெஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள். அப்பாவின் தோலிலும் சூடு இருக்கிறது, குழந்தையின் மூச்சும் உடற்சூடும் சீராகும். பால்மாவில் கிருமி இருக்கலாம், ஆகவே 70 பாகைக்குக் குறையாத சூட்டு நீரில் கரைத்து, ஆறவைத்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த பாலை ஊற்றிவிடுங்கள்.

இலங்கைப் பிரஜாவுரிமை வேண்டுமானால் பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். பத்திரங்கள் என்னென்ன என்று தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஊருக்குக் கூட்டி வருவதற்கு முன் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். இங்கே பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியை ஒன்ராறியோவில் எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதில்லை. நீண்டநாள் தங்குவதென்றால் அங்குள்ள வைத்தியரிடம் கேட்டு வாருங்கள், வந்ததும் அட்டையோடு உங்கள் பிரிவுச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள்.