கல்யாணப் பத்திரிகையும் நாடக நோட்டீஸும் பார்க்க ஒரு நாள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும்போது குலதெய்வம் கோயில், உறவினர் வீடு, தி.நகர் என்று நாட்கள் ஓடிவிடும். அதில் ஒரு முழு நாளைச் சென்னை தரமணிக்கு எடுத்து வையுங்கள். டைடல் பார்க் பக்கம், மத்திய பாலிடெக்னிக் வளாகத்தில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அரிய புத்தகங்களுக்குப் பெயர் போன இடம். ஆனால் நான் உங்களைப் போகச் சொல்வது அங்கிருக்கும் துண்டுத்தாள்களுக்காக: கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், இரங்கல் அட்டை. படித்ததும் தூக்கிப் போட வேண்டியவை என்றுதான் அச்சடித்தவர்களே நினைத்திருப்பார்கள். சாதாரணக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்பது பெரிய புத்தகங்களைவிட இவற்றில்தான் அதிகம் கிடைக்கிறது.

இவற்றைச் சேர்த்தவர் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. சைன்போர்டு எழுதும் ஓவியர். 1950 முதல் கண்ணில் பட்ட அச்சுத்தாளையெல்லாம் வாங்கி, பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்டார். 1992இல் அவர் காலமானார். சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் தமிழ்நாட்டிலேயே வைக்க வழி செய்தது. 1994இல் நூலகம் பிறந்தது. எனக்கு இந்த முடிவின்மேல் பெரிய மரியாதை உண்டு.

போவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் பேசி, பூர்விக ஊர், பக்கத்துப் பெரிய ஊர், தாத்தா செய்த தொழில், போன நாடு எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆள் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஊர், அச்சகம், நாடகக் கம்பெனி, தியேட்டர் பெயர்களை வைத்துத் தேடினால் எதாவது மாட்டும். அடுத்து, என்ன பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லி நூலகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புங்கள். திறந்திருக்கும் நாள், கட்டணம், அடையாள ஆவணம், படமெடுக்க அனுமதி எல்லாவற்றையும் அப்போதே கேட்டுவிடலாம். பென்சில் கொண்டுபோங்கள், பேனா வேண்டாம். தாளைப் புரட்ட விரலில் எச்சில் தொடும் பழக்கம் இருந்தால் அன்று ஒரு நாள் மறந்துவிடுங்கள்.

தாள் கைக்கு வந்ததும் முதலில் அடி ஓரத்தைப் பாருங்கள். 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி, அச்சிட்டவர் பெயரும் ஊரும் தாளில் இருக்க வேண்டியிருந்தது. அந்தப் பொடி எழுத்து வரியே பல நேரம் பெரிய துப்பு. பிறகு விலை. அணாக் கணக்கு என்றால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. நயா பைசா என்றால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள், அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். லை, னை எல்லாம் தும்பிக்கை வளைவோடு பழைய மாதிரி அச்சாகியிருந்தால், தமிழ்நாட்டுத் தாளாக இருக்கும்பட்சத்தில், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கல்யாணப் பத்திரிகையில் நேரம் செலவழியுங்கள். பழைய தாள்களில் ‘விவாஹ சுபமுகூர்த்தம்’, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்ன பிறகு அச்சான பத்திரிகைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில வீடுகளில் பட்டம் போயிருக்கும், ‘வாழ்க்கை ஒப்பந்தம்’ வந்திருக்கும். பல வீடுகளில் ஒன்றுமே மாறியிருக்காது. புரோகிதர் இல்லாமல் நடந்த அந்தச் சுயமரியாதைத் திருமணங்களுக்குத் தமிழ்நாட்டில் சட்ட அங்கீகாரம் கிடைத்தது 1967இல் வந்த திருத்தத்தால்தான். அப்புறம், ‘இப்படிக்கு’ என்று யார் பெயர் போட்டிருக்கிறது, பெண்கள் பெயர் எங்கே வருகிறது என்றும் கவனியுங்கள்.

ஸ்பெஷல் நாடக (வெவ்வேறு ஊர்க் கலைஞர்கள் ஒரு நாளுக்காகக் கூடி நடிப்பது) நோட்டீஸ் இன்னொரு விருந்து. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன், ஹார்மோனியம் என்று வரிசையாக ஆட்கள், ஒவ்வொருவர் பெயரோடும் ஊர். எந்த ஊர்க் கலைஞர்கள் எந்த ஊர்த் திருவிழாவுக்கு வந்தார்கள் என்று இதை வைத்தே ஒரு வரைபடம் போடலாம். பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நின்றுவிடும். பின்னட்டை விளம்பரத்தையும் விடாதீர்கள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, புலம்பல் பாட்டு எல்லாம் இருக்கும். 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்ட பிறகு, இந்தச் சிறு வெளியீடுகள் ஒவ்வொன்றும் இன்னும் பெறுமதியானவை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் நினைவு மலர்களையும் சேர்க்கிறது. விமானம் ஏறுவதற்கு முன்பே உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு அதில் தேடுங்கள். அம்மம்மா வீட்டு அலுமாரியில் கல்வெட்டுகள் கிடந்தால், ஸ்கேன் செய்யக் கொடுக்கலாமா என்று வீட்டாரிடம் கேளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரமும் அதில் இருக்கும், எனவே அவர்கள் சம்மதமும் வேண்டும். லாமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டிலும் பசையிலும் பழைய தாள் கெட்டுவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது.