விருந்துக்கு முன்கூட்டியே ஸ்டார்ட்டர் செய்கிறீர்களா? எங்கே நிறுத்துவது என்பதைக் கவனியுங்கள்

மாலை 7 மணிக்கு விருந்து. காலை 11 மணிக்கே 60 கட்லெட்டையும் பொரித்து, சூடு ஆறும் முன்பே டப்பாவில் அடுக்கி, மூடியை அழுத்தி மூடி மேடையிலேயே வைத்துவிட்டேன். பெரிய வேலை ஒன்று முடிந்தது என்ற நிம்மதி. மாலையில் திறந்தால் மூடியின் உட்புறம் முழுக்க முத்து முத்தாக நீர். மூடியைச் சாய்த்ததும் அத்தனையும் ஒன்றுசேர்ந்து ஓடி மேல் அடுக்கின்மேல் சொட்டியது. காலையில் நகத்தால் தட்டினால் சத்தம் கேட்ட மேல்தோல், விரல் பட்டதும் ஈரப் பஞ்சு மாதிரி உள்ளே அமுங்கியது. மொத்தத்தையும் கொட்ட வேண்டியிருந்தது. நமத்துப்போனது ஒரு காரணம். 8 மணி நேரம் வெளியிலேயே இருந்தது அதைவிடப் பெரிய காரணம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

விருந்துக்கு முன்னாலேயே செய்து வைப்பதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரு வகையைச் சேர்ந்தவை. எல்லாவற்றையும் முழுசாகச் செய்து முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ‘இதுவரை இன்று, மீதி நாளை’ என்று நிறுத்த ஓர் இடம் இருக்கிறது. கட்லெட்டுக்கு அது பிரெட் தூளில் புரட்டி முடித்த இடம். தொட்டுச் சாப்பிடும் டிப் வகைகளைக் கடைசிவரை செய்து முடித்துவிடலாம். பல டிப்கள் மறுநாள்தான் நன்றாக இருக்கும். சாண்ட்விச்சுக்கு வேறு கணக்கு. அந்த இடம் எது என்று தெரிந்துவிட்டால் விருந்து நாளில் பாதி வேலை குறைந்துவிடும்.

பொரித்தே முடித்துவிடுவது

பொரித்த பண்டத்தின் மேல்தோல் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரம் சும்மா இருக்காது. உள்ளிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். மூடி வைத்தால் ஆவி தப்பிக்க வழியில்லாமல் திரும்ப அதன்மேலேயே விழும். மூடாமல் வைத்தாலும் சில மணி நேரத்தில் மேல்தோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் காலையில் பொரித்து மாலையில் மொறுமொறுப்பாகக் கொடுப்பது நடக்காத காரியம்.

கட்லெட், ரோல், உருண்டை எதுவானாலும் வடிவம் பிடித்து, பிரெட் தூளில் புரட்டி, அங்கே நிறுத்துங்கள். முந்தின நாள் என்றால் ஃப்ரிட்ஜ் போதும். அதற்கும் முன்னால் என்றால் ஃப்ரீசர். ஃப்ரீசரில் வைக்கும்போது பலரும் செய்யும் தவறு, செய்த கையோடு எல்லாவற்றையும் ஒரே பையில் போடுவது. மறுநாள் எடுத்தால் மொத்தமும் ஒரே பாறை. ஒரு தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு அடுக்கி, இரண்டு மூன்று மணி நேரம் கல்லாக உறையவிட்டு, அப்புறம் பையில் மாற்றுங்கள். எத்தனை வேண்டுமோ அத்தனையை மட்டும் தனித்தனியாக எடுக்கலாம்.

எடுத்த பிறகு, உருகட்டும் என்று வெளியே வைக்காதீர்கள். உருகும்போது வெளிவரும் நீரில் பிரெட் தூள் சேறாகிவிடும். மேலே படிந்த பனித்துகளைத் தட்டிவிட்டு அப்படியே எண்ணெயில் போடலாம். தீ மிதமாக இருக்கட்டும், ஒரு தடவைக்கு நாலைந்துதான். பத்துப் பதினைந்தை ஒன்றாகப் போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கி, பண்டம் பொரிவதற்குப் பதில் எண்ணெயைக் குடிக்கும். உள்ளே இறைச்சி இருந்தால் முதல் ஈட்டில் ஒன்றைப் பிளந்து நடுவில் வெந்திருக்கிறதா என்று பாருங்கள்.

விருந்து நேரத்தில் எண்ணெய்ச் சட்டி பக்கமே நிற்க முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. முந்தின நாள் இளம் நிறம் வரும்வரை மட்டும் பொரித்து, கம்பித் தட்டில் ஒற்றை வரிசையாகப் பரப்பி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கொடுப்பதற்குச் சற்று முன் 200 டிகிரி ஓவனில் 8 முதல் 10 நிமிடம். சுடச்சுடப் பொரித்த அளவுக்கு வராது என்றாலும் நன்றாகவே வரும். மைக்ரோவேவில் சூடு பண்ணுவது மட்டும் வேண்டாம். அது உள்ளே இருக்கும் ஈரத்தைச் சூடாக்கி வெளியே தள்ளும்; மீதியிருந்த மொறுமொறுப்பும் போய்விடும்.

பஃப் பேஸ்ட்ரியும் இதே ரகம். அது அடுக்கடுக்காக எழும்புவது இடையில் இருக்கும் வெண்ணெய் இறுகி இருப்பதால்தான். பூரணம் வைத்து மடித்து, பச்சையாகவே உறைய வைத்து, ஃப்ரீசரிலிருந்து நேராக ஓவனுக்குள் தள்ளுங்கள். பூரணம் சூடாக இருக்கும்போதே மடித்தால் வெண்ணெய் உருகி அடி சொதசொதவென்று ஆகிவிடும். பூரணம் முழுசாக ஆறும்வரை பொறுமை அவசியம்.

பிரெட்டும் ஈரமும்

சின்ன பிரெட் துண்டின்மேல் தக்காளி, சீஸ் என்று அடுக்கிக் கொடுக்கும் வகைகளில், அடுக்கிய அரை மணி நேரத்திலேயே அடிப்பக்கம் ஊறத் தொடங்கிவிடும். பிரெட்டை டோஸ்ட் செய்து காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் முன்பே வைத்துக்கொள்ளலாம். மேலே வைப்பதைத் தனியாக ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடுக்குவதை மட்டும் கடைசி 15 நிமிடத்துக்குத் தள்ளிப் போடுங்கள். விருந்துக்குச் சீக்கிரம் வந்து ‘ஏதாவது செய்யட்டுமா?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள் அல்லவா, அவர்களிடம் கொடுக்க இதைவிட நல்ல வேலை இல்லை.

சாண்ட்விச்சில் விளிம்புவரை வெண்ணெய் தடவுவது ருசிக்கு மட்டுமில்லை. கொழுப்புப் படலம் இருந்தால் ஈரம் பிரெட்டுக்குள் இறங்காது. கொஞ்சமாக நடுவில் மட்டும் தடவினால் பலனில்லை. வெட்டி அடுக்கிய பின் நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் போர்த்தி, அதன்மேல் உறை போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓரங்கள் காய்ந்து வளையாது. எதுவும் வைக்காத வெறும் பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மாவுச்சத்து வேகமாக இறுகி, வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் பிரெட் வறண்டுவிடும். வெளியில் வையுங்கள், இல்லையென்றால் ஃப்ரீசரில் வையுங்கள்.

உப்பு போடும் நேரத்திலும் இதே சிக்கல்தான். வெள்ளரி, தக்காளி, முட்டைக்கோஸ் எதில் உப்பு பட்டாலும் உள்ளிருக்கும் நீர் வெளியே வந்துவிடும். காலையில் கெட்டியாகக் கலந்த வெள்ளரி டிப் மாலையில் குளமாக நிற்பது இதனால்தான். இதையே நமக்குச் சாதகமாகவும் ஆக்கிக்கொள்ளலாம். துருவிய வெள்ளரியில் உப்பு தூவி 20 நிமிடம் விட்டு, துணியில் போட்டு முறுக்கிப் பிழியுங்கள். ஒரு வெள்ளரியிலிருந்து அத்தனை நீர் வருமா என்று ஆச்சரியமாக இருக்கும். பிழிந்ததைக் கெட்டித் தயிரில் கலந்தால் மறுநாள்வரை பதம் மாறாது.

ஒரு ராத்திரியில் மாறும் ருசி

டிப்பை முந்தின நாளே செய்யலாம் என்றேன். ஆனால் அதில் பச்சைப் பூண்டு இருந்தால் அளவைக் குறையுங்கள். செய்தவுடன் ருசி பார்க்கும்போது சரியாக இருக்கும் பூண்டு, மறுநாள் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். நறுக்கிய பச்சை வெங்காயமும் நேரம் ஆக ஆக நெடி ஏறும். அதைக் கடைசியில் சேர்ப்பது நல்லது. மூலிகை இலைகளும் அப்படியே. முன்பே கலந்தால் கறுத்துவிடும்.

உப்பு, புளிப்பு பார்ப்பதைப் பரிமாறும் முன் இன்னொரு தடவை செய்யுங்கள். குளிர்ந்த உணவில் நாக்குக்கு ருசி மந்தமாகத்தான் தெரியும். சீஸ் தட்டையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு நீட்டாமல், அரை மணி நேரத்துக்கு முன் வெளியே வைத்தால் அதன் மணம் வரும்.

அன்னாசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சை அன்னாசித் துண்டையும் பனீர் அல்லது சீஸையும் குச்சியில் குத்தி ராத்திரியே வைத்துவிட்டு, காலையில் கசக்கிறது என்று குழம்புகிறவர்கள் உண்டு. பனீர் கெட்டுப்போகவில்லை. அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை உடைக்கும், பால் பொருளோடு சேர்ந்தால் கசப்பு வரும். இறைச்சியை அதில் ராத்திரி முழுக்க ஊறவைத்தால் மேல்பகுதி கூழாகும். பப்பாளி, கிவிக்கும் இதே குணம். டின்னில் வரும் அன்னாசியில் இந்தச் சிக்கல் இல்லை. சூடுபடுத்தும்போதே நொதி செயலிழந்துவிடுகிறது. பச்சைப் பழம்தான் வேண்டுமென்றால் குச்சியில் குத்துவதைக் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிள், அவகாடோ கறுப்பது எல்லோருக்கும் தெரியும். எலுமிச்சைச் சாறு தடவி, காற்றுப் படாமல் மூடினால் சில மணி நேரம் தாங்கும்.

ஊசிப்போகும் முன்பே கெடுவது

இது மற்ற எல்லாத் தவறுகளைவிடவும் முக்கியம். நமத்துப்போனால் ருசி மட்டும்தான் போகும். இதில் வந்தவர்களின் உடம்பே கெடும்.

கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை 5 முதல் 60 டிகிரிக்குள். சமைத்த உணவு, வெட்டிய பழம், பால் பொருள், முட்டை, இறைச்சி எதுவும் இந்த வெப்பத்தில் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் 1 மணி நேரம்தான். மொத்தமாக என்ற சொல்லைக் கவனியுங்கள். வடிவம் பிடிக்க மேசைமேல் இருந்த நேரம், ஆறவைத்த நேரம், பரிமாறும் மேசையில் இருக்கும் நேரம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

‘வாசனை நன்றாகத்தான் இருக்கிறது’ என்பதும், ‘நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்பதும் ஆபத்தான நம்பிக்கைகள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி மனிதத் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகவே இருக்கும். உருட்டுவது, அடைப்பது, குச்சியில் குத்துவது என்று ஸ்டார்ட்டர் வேலை முழுக்கக் கை வேலை என்பதால் அது உணவுக்கு எளிதாகப் போய்ச்சேரும். வெளியில் வைத்த உணவில் அது உண்டாக்கும் நச்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. நிறமும் மணமும் மாறாது. என் கட்லெட்டுகளை ஓவனில் வைத்து மொறுமொறுப்பாக்கிக் கொடுத்திருக்க முடியும்தான். கொடுக்காதது எவ்வளவு நல்லது என்று இன்றும் நினைக்கிறேன்.

சூடான பூரணத்தை ஆழமான பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி குளிர வெகு நேரமாகும். அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பினால் சீக்கிரம் ஆறும். ஃப்ரிட்ஜை இடைவெளியே இல்லாமல் அடைக்கவும் கூடாது. குளிர்காற்று சுற்றிவர வழியில்லாவிட்டால் உள்ளே 4 டிகிரி நிற்காது. விருந்துக்கு முந்தின நாள் பானங்கள், பழையது, தேவையில்லாத பாட்டில்கள் எல்லாவற்றையும் வெளியேற்றி இடம் பண்ணுங்கள். மேசையில் வைக்கும்போது பெரிய தட்டு ஒன்றை நிரப்பி மூன்று மணி நேரம் வைப்பதற்குப் பதில், சின்னத் தட்டுகளாகப் பிரித்து ஒன்று காலியானதும் அடுத்ததை எடுத்து வையுங்கள். பாதி காலியான தட்டின்மேல் புதிதாகக் கொட்டி நிரப்பாதீர்கள். பழையதன் நேரம் எது, புதியதன் நேரம் எது என்று தெரியாமல் போகும்.

முட்டையை மட்டும் எவ்வளவு முன்னால் செய்யலாம் என்று கேட்பார்கள். அவித்த முட்டை ஓட்டோடு ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். வெட்டி மஞ்சள் கருவை மசித்துவிட்டால், முந்தின நாள்தான் எல்லை. அதிலும் மசித்ததைத் தனியாக வைத்து, விருந்து நாளன்று வெள்ளைக் கருவின் குழியில் நிரப்புங்கள். மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் கெட்டதென்று அர்த்தமில்லை, அதிக நேரம் வெந்துவிட்டது. அவித்தவுடன் குளிர்ந்த நீரில் போட்டால் வராது.

ஃப்ரீசர் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மயோனைஸ் பிரிந்து எண்ணெய் மிதக்கும். வெள்ளரி, கீரை, தக்காளித் துண்டு எல்லாம் உருகும்போது தொளதொளவென்று ஆகும்.

எல்லாமே சூடாக

வகைகளைத் தேர்ந்தெடுக்கும்போதே செய்யும் தவறு இது. ஐந்து வகை, ஐந்தும் கடைசி நேரத்தில் சூடு பண்ண வேண்டியவை. ஒன்றுக்கு 180 டிகிரி, இன்னொன்றுக்கு 220, ஓவனோ ஒன்று. என் யோசனை, ஐந்தில் ஒன்றுதான் சூடாக இருக்கட்டும். இரண்டு ஃப்ரிட்ஜிலிருந்து நேராக மேசைக்கு வருபவை, இரண்டு வறுத்த பருப்பு, பிஸ்கட் மாதிரி வெளியிலேயே இருக்கக்கூடியவை. வருகிறவர்களுக்கு ஐந்து வகை கிடைக்கும், உங்களுக்குச் சமையலறையை விட்டு வெளியே வர நேரம் கிடைக்கும். அளவைப் பொறுத்தவரை, பின்னால் சாப்பாடு இருந்தால் ஆளுக்கு 4 முதல் 6 துண்டு, இதுதான் சாப்பாடே என்றால் 10 முதல் 12 என்று வைத்துக்கொள்ளலாம்.

முந்தின ராத்திரி தூங்கும் முன் பரிமாறும் தட்டுகளை வெறுமையாகவே மேசையில் அடுக்கி, எதில் எது என்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு போட்டு வையுங்கள். சீட்டிலேயே நிலக்கடலை, முந்திரி, பால், முட்டை எது சேர்ந்திருக்கிறது என்றும் எழுதுங்கள். ஒவ்வாமை உள்ளவர் ஒவ்வொரு தட்டுக்கும் உங்களைத் தேடி வந்து கேட்க வேண்டியிருக்காது. ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் கரண்டி. கரண்டி ஒன்று குறைகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும், கடன் வாங்க ஒரு நாள் முழுசாக இருக்கும்.