அடிவயிற்று வலியோடு வாழும் பிள்ளைக்குத் துணைநிற்பது எப்படி?

தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்புகளுக்கு நடுவே வலிக்கிறது என்று பிள்ளை திரும்பத் திரும்பச் சொன்னால், முதலில் அதை நம்புங்கள். பள்ளிக்குப் போகாமலிருக்கச் சொல்லும் சாக்கு என்று ஒருமுறை தள்ளிவிட்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளை வாயே திறக்காது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் பதின்வயதிலேயே தொடங்கக்கூடும். பல நேரங்களில் அது ஸ்கேனில் தென்படுவதில்லை.

மாதவிடாய், மலச்சிக்கல், சிறுநீர்ப்பைக் கோளாறு, சிறுநீர்ப்பையையும் குடலையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் இறுகிப்போவது எனக் காரணங்கள் பல; ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். வலி மாதக்கணக்கில் நீடித்தால் நரம்புகளின் உணர்திறன் கூடி, சிறிய தூண்டுதலும் பெரும் வலியாகத் தெரியத் தொடங்கும். ஆண்பிள்ளைகளுக்கும் இந்த வலி வரும். திடீரென்று கடுமையாக வலித்தால் விரைப்பையிலும் வலியோ வீக்கமோ இருக்கிறதா என்று கேளுங்கள். கூச்சத்தால் வயிற்று வலி என்று மட்டும் சொல்லியிருக்கலாம். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் சிகிச்சை தேவை. ஒரு பக்கமாகத் திடீரெனப் பிடிக்கும் கடும் வலி, காய்ச்சல், ஓயாத வாந்தி, மயக்கம், மணிக்கொரு நாப்கின் நனையும் உதிரப்போக்கு, கர்ப்பத்துக்கான வாய்ப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மற்ற நாள்களில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் பெரிதும் உதவும். ‘செவ்வாய் காலை, இடப்பக்கம், வலி பத்துக்கு 7, மூன்று நாளாக மலம் போகவில்லை, இரண்டாவது பீரியடில் வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிட்டேன்’ என்று பிள்ளையே எழுதட்டும். மணிக்கொரு தரம் ‘வலிக்கிறதா?’ என்று கேட்பது, அன்பினால்தான் என்றாலும், கவனத்தை வலியிலேயே கட்டிப்போடுகிறது. மாலையில் ஒரு வேளை மட்டும் பேசிக்கொள்வோம் என்று இருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மருத்துவரிடம் அந்த நோட்டைக் கொடுத்துவிட்டு, சில நிமிடங்கள் நீங்கள் வெளியே இருங்கள். தாய் தந்தையிடம் சொல்லத் தயங்குவதை, தனக்கு யாராவது இழைத்த தீங்கைக்கூட, பிள்ளை அங்கே சொல்லக்கூடும். ஸ்கேன் தேவைப்பட்டால், வயிற்றின் மேல் கருவியை வைத்து எடுப்பதே பெரும்பாலும் போதும். எந்தப் பரிசோதனையையும் பிள்ளை புரிந்துகொண்டு சம்மதித்த பிறகே செய்ய வேண்டும்.

மாதவிடாய் வலிக்கு ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரையை, மருத்துவர் சொன்ன அளவில், உணவுக்குப் பின், வலி தொடங்கியவுடனே கொடுங்கள். வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உடலில் உருவாவதைத் தடுப்பதுதான் அதன் வேலை என்பதால், வலி உச்சத்தை எட்டிய பிறகு கொடுத்தால் பலன் குறையும். ஆஸ்துமாவோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளலாம்; அதன்மேல் தூங்கிவிடக் கூடாது. மலச்சிக்கல் இருந்தால், சாப்பிட்ட பின் சில நிமிடங்கள், முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி காலடியில் ஒரு பலகை வைத்துக் கழிவறையில் உட்காரப் பழக்குங்கள்.

முழு ஓய்வு தசைகளை மேலும் இறுக்கும் என்பதால், வலி தணிந்த நாளில் அன்றே எல்லாவற்றையும் செய்து முடிக்காமல், தினமும் சிறிது நடப்பது நல்லது. பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்து, கேட்காமலே கழிவறைக்குப் போகவும், தேவைப்பட்டால் அரைநாள் மட்டும் வரவும் அனுமதி பெறுங்கள். அந்தக் கடிதத்தில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.